பெண்களுக்குக் குருப்பட்டம்: இது வேதத்துக்கும் உலகத்துக்கும் இடையிலான வழக்கா?

கேன்டர்பரி தலைமைப் பேராயராகச் சாரா முல்லலி பொறுப்பேற்பார் என்று 2025 அக்டோபர் 3 அன்று அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்துத் திருச்சபையின் அந்த உச்சப் பதவிக்கு இதற்கு முன் எந்தப் பெண்ணும் வந்ததில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த உலக ஆங்கிலிக்கன் சபைகளில் பழமை பேணும் தரப்பின் கூட்டமைப்பான காஃப்கான் உடனே எதிர்ப்புத் தெரிவித்தது. பேராயர் பணி ஆண்களுக்கே உரியது என்பதே வேதாகமத்தின் போதனை என்று ஆங்கிலிக்கர்களில் பெரும்பான்மையோர் இன்றும் நம்புவதாக அது கூறியது. மறுபக்கத்தில், இருபத்தோராம் நூற்றாண்டில் இப்படியொரு தடை நீடித்ததே வெட்கக்கேடு என்ற குரல்கள் எழுந்தன.

இந்த விவாதம் எப்போது எழுந்தாலும், ஒரு பக்கம் வேதம், மறு பக்கம் மதச்சார்பற்ற நவீன உலகம் என்றே அது வரையப்படுகிறது. அந்த வரைபடம் பெருமளவு தவறானது. இரு தரப்புமே வேதத்தை வாசிக்கின்றன. இரு தரப்புமே தாம் வாழும் சமூகத்தால் மாறியிருக்கின்றன. அரசு உண்மையில் நெருக்கடி கொடுத்த இடங்களைப் பார்த்தால், அவை திருச்சபையும் அரசும் பிணைந்திருந்த நாடுகளே தவிர, இரண்டையும் பிரித்து வைத்த நாடுகள் அல்ல.

முதலில் சில சொற்கள்

கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன் மரபுகளில் திருப்பணி மூன்று படிகளைக் கொண்டது: டீக்கன் (குருவுக்கு அடுத்த கீழ்ப்படி), குரு, பேராயர். பேராயர் ஒருவர் தலையில் கைவைத்து ஜெபிப்பதன் மூலம் ஒருவர் குருவாகிறார். வேறு பேராயர்கள் கைவைப்பதன் மூலம் ஒரு குரு பேராயராகிறார். இதையே இக்கட்டுரையில் குருப்பட்டம் என்கிறோம். பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே போன்ற சபைகளில் இத்தகைய படிநிலை இல்லை. அங்கே போதகர் என்பது ஒரு பொறுப்பு.

இந்த வேறுபாடு சிறியதுபோல் தோன்றினாலும், கேள்வியையே மாற்றிவிடுகிறது. பெண் ஒருவர் போதகராகலாமா என்று பாப்டிஸ்டுகள் கேட்கும்போது, அது அனுமதி பற்றிய கேள்வி. கத்தோலிக்கத் திருச்சபையோ, ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தால் அது பலிக்குமா என்று கேட்கிறது. அதன் சட்டத்தொகுப்பின் 1024ஆம் விதிப்படி, திருமுழுக்குப் பெற்ற ஆண் மட்டுமே செல்லத்தக்க முறையில் பட்டம் பெற முடியும். அங்கே தடையை மீறி நடக்கும் சடங்கு ஒழுங்குமீறல் மட்டுமல்ல, நடக்காததற்குச் சமம்.

மதச்சார்பின்மை என்ற சொல்லோ, இவ்விவாதத்தில் மூன்று வேறு பொருள்களில் புழங்குகிறது.

1. அரசு எந்த மதத்தின் பக்கமும் சாயாமல், மத அமைப்புகளின் உள்விவகாரங்களில் தலையிடாமல் இருக்கும் அரசியல் ஏற்பாடு.
2. மக்கள் வாழ்வில் மதத்தின் பிடி தளர்ந்து, சமத்துவம், தனிமனித உரிமை போன்ற விழுமியங்கள் பொது அளவுகோலாக மாறும் சமூக மாற்றம்.
3. மதமே பொதுவெளியிலிருந்து அகல வேண்டும் என்ற கொள்கை.

எதிர்ப்பாளர்கள் பெரும்பாலும் இரண்டாவதைச் சுட்டிக்காட்டி, மூன்றாவதைக் குற்றம்சாட்டுகிறார்கள். முதலாவது பொருள் அவர்களுக்குப் பாதுகாப்பாக இருப்பது பேச்சில் அரிதாகவே வருகிறது.

வேதாகமம் என்ன சொல்கிறது

எதிர்ப்பின் முதன்மை ஆதாரம், புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலன் பவுலின் பெயரிலுள்ள நிருபங்களில் ஒன்றான 1 தீமோத்தேயு 2:12. உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும் ஸ்திரீக்கு உத்தரவு கொடுப்பதில்லை என்கிறது அவ்வசனம். இது தீமோத்தேயு இருந்த எபேசு நகரச் சபைக்கு மட்டும் சொன்ன ஒழுங்கு என்று எளிதில் தள்ளிவிட முடியாது. அடுத்த வசனமே, முதலாவது ஆதாமும் பின்பு ஏவாளும் உருவாக்கப்பட்டார்கள் என்று படைப்பின் வரிசையைக் காரணமாகக் காட்டுகிறது. ஊர் வழக்கத்தைக் காரணம் காட்டினால் அந்த வழக்கம் மாறியதும் கட்டளையும் மாறலாம். படைப்பையே காரணம் காட்டினால் எப்படி மாறும்? எதிர்ப்பாளர்களின் வாதங்களில் வலிமையானது இதுதான். இதற்குப் பதில் சொல்லாமல் கடந்துபோகும் ஆதரவு வாதம் எதுவும் முழுமையாகாது.

ஆதரவாளர்கள் பதிலை அதே பவுலின் நிருபங்களிலிருந்தே தொடங்குகிறார்கள். 1 கொரிந்தியர் 14:34 சபைகளில் ஸ்திரீகள் பேசாமலிருக்கக் கட்டளையிடுகிறது. ஆனால் அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரம், பெண்கள் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒழுங்கு சொல்கிறது. பேசுவதே தடையென்றால், பேசும் முறைக்கு ஒழுங்கு எதற்கு? ஆகவே இரண்டில் ஒன்றேனும் குறிப்பிட்ட சூழலுக்குரியது என்று எல்லா வாசகரும் ஏதோவொரு வகையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரோமர் 16ஆம் அதிகாரம் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளைப் பரிந்துரைத்துத் தொடங்குகிறது. அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரத்தில், கற்றறிந்த அப்பொல்லோவை அழைத்துத் தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாக விளக்கியவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருவர். உயிர்த்தெழுதலின் செய்தியைச் சீடர்களிடம் கொண்டுபோகும்படி அனுப்பப்பட்டவர் மகதலேனா மரியாள்.

கலாத்தியர் 3:28இன் "ஆணென்றும் பெண்ணென்றுமில்லை" என்ற சொற்களே ஆதரவுத் தரப்பின் கொடி. அது இரட்சிப்பைப் பற்றியது, பதவியைப் பற்றியது அல்ல என்பது எதிர்த்தரப்பின் பதில். அந்தப் பதிலிலும் நியாயம் உண்டு; ஆனால் அதே வசனம் அடிமையையும் சுயாதீனனையும் சேர்த்தே சொல்கிறது. அடிமைகள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற நிருப வசனங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருச்சபைகள் காலத்துக்குரிய ஒழுங்காக வாசிக்கத் தொடங்கியபோது, இதே வசனம் அவர்களுக்குத் துணைநின்றது. ஒரு பகுதிக்கு ஏற்ற வாசிப்பு முறை மறுபகுதிக்கு ஏன் ஏற்காது என்பதை விளக்கும் கடமை எதிர்ப்பாளர்களுக்கு இருக்கிறது. அவர்களில் கவனமானவர்கள் படைப்பு வரிசையைக் காட்டி அந்தக் கடமையை நிறைவேற்றவும் முயல்கிறார்கள்.

கத்தோலிக்க நிலைப்பாடு வசனங்களின் மேல் மட்டும் நிற்பதல்ல. புதிய ஏற்பாட்டை மட்டும் வைத்து இக்கேள்வியை முடிவாகத் தீர்க்க இயலாது என்ற கருத்தையே 1976இல் வத்திக்கானின் விவிலிய ஆணையம் எட்டியது. அதே ஆண்டு தேதியிட்ட வத்திக்கான் அறிக்கை, இயேசு பன்னிரு ஆண்களையே தெரிந்துகொண்டதையும், அதைத் திருச்சபை இடைவிடாமல் பின்பற்றி வந்த மரபையும் அடிப்படையாக்கியது. 1994 மே 22இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், பெண்களுக்குக் குருத்துவ அருள்பொழிவு அளிக்கத் திருச்சபைக்கே அதிகாரம் இல்லை என்று அறிவித்தார். "விருப்பமில்லை" என்பதும் "அதிகாரமில்லை" என்பதும் வேறு. இரண்டாவதை வாக்கெடுப்பால் மாற்ற முடியாது.

எதிர்ப்பும் காலத்தோடு மாறியிருக்கிறது

பெண் குருத்துவத்துக்கு எதிரான இன்றைய வாதம், ஆணும் பெண்ணும் மதிப்பில் சமம், பொறுப்பில் வேறு என்பது. இது பழைய வாதம் அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் சொன்ன காரணம், பெண் கீழ்ப்பட்ட நிலையில் இருப்பதால் மேன்மையைக் குறிக்கும் அடையாளமாக அவளால் இருக்க இயலாது என்பதே. திருச்சபைத் தந்தையரின் எழுத்துகளில் பெண்களுக்குப் பாதகமான முற்சாய்வுகளின் தடம் இருப்பதை, தடையை உறுதிசெய்த 1976 அறிக்கையே ஒப்புக்கொண்டது.

முடிவு அப்படியே நிற்க, அதற்கான காரணம் மட்டும் மாறியிருக்கிறது. பெண் தாழ்ந்தவள் என்ற எண்ணத்தைக் கைவிட்டதில் சமூக மாற்றத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த மாற்றத்தை உலகத்தின் ஊடுருவல் என்று இன்று எவரும் வருந்துவதில்லை. எனவே, ஆதரவாளர்களை மட்டும் காலத்தின் கைதிகள் என்று சொல்வது நேர்மையான வாதமாகாது.

கோரிக்கை வெளியிலிருந்து வந்ததா

பெண் குருத்துவம் 1960களின் பெண்ணிய இயக்கம் திருச்சபைக்குள் கொண்டுவந்த சரக்கு என்பது அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. காலவரிசை அதற்கு இடம்கொடுக்கவில்லை.

குவேக்கர் என்ற கிறிஸ்தவ இயக்கத்தைச் சேர்ந்த மார்கரெட் ஃபெல், 1666இல் சிறையில் இருந்தபடி, பெண்கள் சபையில் பேசுவது நியாயமே என்று வேத வசனங்களை மட்டும் வைத்து வாதிட்டு எழுதினார். 1853இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆன்டோனெட் பிரவுன் காங்கிரிகேஷனல் சபை ஒன்றின் போதகராகப் பட்டம் பெற்றபோது, அந்த ஆராதனையின் பிரசங்க வசனம் கலாத்தியர் 3:28. பின்னாளில் இரட்சணிய சேனையைத் தன் கணவரோடு நிறுவிய கேத்தரின் பூத், பெண்கள் பிரசங்கிப்பதை ஆதரித்து 1859இல் துண்டுநூல் எழுதினார். இந்த வாதங்கள் எவையும் வேதத்தின் அதிகாரத்தை ஐயுற்று எழுந்தவை அல்ல.

இன்னும் தெளிவான சான்று பெந்தெகொஸ்தே உலகில் கிடைக்கிறது. வேதாகமம் பிழையற்றது என்பதில் அசைந்துகொடுக்காத அமெரிக்க அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபை, 1935 முதல் பெண்களுக்கு முழுப் போதகர் பட்டம் அளித்து வருகிறது. உங்கள் குமாரரும் குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொல்வார்கள் என்ற யோவேலின் வாக்கு பெந்தெகொஸ்தே நாளில் நிறைவேறியது என்பதே அவர்களின் ஆதாரம். காஃப்கானுக்குள்ளேயே இந்தப் பிளவு உண்டு: அதன் முக்கிய உறுப்புகளில் ஒன்றான கென்யத் திருச்சபையில் 2021 முதல் பெண் பேராயர்கள் இருக்கிறார்கள். வேதத்தை இறுகப் பற்றுவதும் பெண் குருத்துவத்தை எதிர்ப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆங்கிலிக்கன் மரபின் முதல் பெண் குரு கூட எந்த உரிமைப் போராட்டத்தின் விளைவாகவும் பட்டம் பெறவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சீனக் கரையிலுள்ள மக்காவ் நகருக்கு ஆண் குருக்கள் சென்று சேர முடியாத நிலையில், அங்கே டீக்கனாகச் சபையைத் தாங்கிக்கொண்டிருந்த ஃபுளோரன்ஸ் லி டிம்-ஓயிக்கு 1944 ஜனவரியில் பேராயர் ரொனால்ட் ஹால் குருப்பட்டம் கொடுத்தார். நற்கருணை இல்லாமல் தவித்த மக்களின் தேவையே அதற்குக் காரணமாக இருந்தது.

சமூக மாற்றத்துக்குப் பங்கே இல்லை என்பதல்ல இதன் பொருள். பெண்கள் பல்கலைக்கழகங்களில் இறையியல் கற்கத் தொடங்கிய பிறகுதான் மனுக்கள் பெருகின. பெண்கள் நீதிபதிகளாகவும் அமைச்சர்களாகவும் அமர்ந்த பிறகுதான் பீடத்தில் அவர்கள் இல்லாதது பலர் கண்ணுக்குத் தெரிந்தது. கேள்விக்கு அவசரம் கொடுத்தது சமூகம். கேள்வி திருச்சபைக்குள்ளேயே பிறந்தது.

அரசு எங்கே நுழைகிறது

அரசுத் திருச்சபை இருந்த நாடுகளில்தான் நாடாளுமன்றங்கள் இதில் கைவைத்தன. டென்மார்க்கில் 1947இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி வழிதிறந்தது. மறு ஆண்டே மூன்று பெண்கள் பட்டம் பெற்றனர். நார்வேயில் 1938ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களை அனுமதித்தது, ஆனால் சபை மக்கள் கொள்கையளவில் எதிர்த்தால் நியமிக்கக்கூடாது என்றது. அந்த நிபந்தனை 1956இல் நீக்கப்பட்டு, 1961இல்தான் முதல் பெண் குரு வந்தார். ஸ்வீடனில் 1957இல் திருச்சபைப் பேரவை மறுத்தது. அடுத்த ஆண்டே புதிய பேரவை ஏற்றுக்கொண்டது. அங்கே அரசியல் அழுத்தம் இருந்ததை மறுப்பதற்கில்லை, அதன் கசப்பு பல பத்தாண்டுகள் நீடித்தது.

இங்கிலாந்தில் நடந்ததை நெருங்கிப் பார்ப்பது பயன்தரும். அங்கே திருச்சபையின் பொதுப் பேரவை இயற்றும் சட்டங்கள் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் அரச ஒப்புதலும் பெற வேண்டும். மூத்த பேராயர்கள் 26 பேர் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையில் உறுப்பினர்கள். பொதுப் பேரவையோ பேராயர்கள், குருக்கள், பொதுநிலையினர் (பட்டம் பெறாத சபை மக்கள்) என மூன்று அவைகளாக வாக்களிக்கும். இத்தகைய சட்டத்துக்கு ஒவ்வொரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு தேவை. 1992 நவம்பரில் இந்தத் தடையைத் தாண்டித்தான் பெண் குருக்களுக்கான சட்டம் நிறைவேறியது. 1994 மார்ச் 12 அன்று பிரிஸ்டல் பேராலயத்தில் 32 பெண்கள் பட்டம் பெற்றனர்.

பெண் பேராயர்களுக்கான சட்டம் 2012 நவம்பர் 20 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. பேராயர்கள் அவையில் 44 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு. குருக்கள் அவையில் 148க்கு 45. பொதுநிலையினர் அவையில் 132க்கு 74. மூன்றாவது அவையில் ஆறு வாக்குகள் குறைந்ததால் சட்டம் விழுந்தது. எதிர்த்து வாக்களித்தவர்கள் ஒரே மனத்தினர் அல்லர். சிலர் 1 தீமோத்தேயுவை முன்னிறுத்தும் சுவிசேஷத் தரப்பினர். சிலர் உரோமையோடும் ஆர்த்தடாக்ஸ் சபைகளோடும் உள்ள உறவு அறுந்துபோகும் என்று அஞ்சிய கத்தோலிக்கச் சாய்வினர். பெண் பேராயர்களை ஏற்றுக்கொண்டும், ஏற்காதவர்களுக்கான பாதுகாப்பு போதவில்லை என்று எதிர்த்தவர்களும் இருந்தனர். பொதுநிலை மக்கள் பெண்களை நிராகரித்தார்கள் என்று செய்தி பரவியது. அவர்களிலும் அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு என்பது அதில் மறைந்துபோனது.

மறுநாள் பிரதமர் டேவிட் கேமரன், திருச்சபை காலத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்றும், அதன் நடைமுறையை மதித்தபடியே அதை உந்தித்தள்ள வேண்டும் என்றும் நாடாளுமன்றத்தில் சொன்னார். பாகுபாட்டைத் தடைசெய்யும் சமத்துவச் சட்டத்திலிருந்து திருச்சபைக்குள்ள விலக்கைப் பறிக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் சிலர் கோரினர். அப்போதைய தலைமைப் பேராயர் ரோவன் வில்லியம்ஸ், விரிந்த சமூகத்தின் போக்குகளைத் திருச்சபை வேண்டுமென்றே பாராமல் இருப்பதுபோல் தோன்றுகிறது என்று பேரவையிடம் வருந்தினார். பெண் பேராயர்களுக்கு ஆழமான இறையியல் நியாயம் உண்டென்று அறிந்தவர் அவர். ஆனால் அன்று செய்திகளில் நின்றது சமூகத்தின் முன் ஏற்பட்ட தலைகுனிவு மட்டுமே. உலகத்துக்குப் பணிகிறார்கள் என்ற பழியை எதிர்த்தரப்புக்கு எடுத்துக்கொடுத்தது அந்த வாதமே. வேதத்திலிருந்து எழும் நியாயம் கையில் இருக்கும்போது மதிப்பிழப்பை முன்வைத்தது ஆதரவுத் தரப்பு தனக்கே இழைத்த தீங்கு.

கேமரனின் தலையீட்டை மதச்சார்பின்மை என்று சொல்வதும் பொருந்தாது. அரசுத் திருச்சபை என்ற ஏற்பாடே அவருக்கு அந்த வாயிலைத் திறந்தது. நாட்டின் சட்டங்களில் வாக்களிக்கும் இருக்கைகளை ஒரு திருச்சபை வைத்திருக்கும்போது, அந்த இருக்கைகளில் பெண்கள் ஏன் இல்லை என்று கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. அதை அத்துமீறல் என்று தள்ளிவிட முடியாது.

அரசும் திருச்சபையும் பிரிக்கப்பட்ட அமெரிக்காவில் நிலைமை நேர்மாறானது. ஒரு லூத்தரன் பள்ளி தொடர்பான வழக்கில், திருப்பணியாளர் யார் என்பதைத் தீர்மானிப்பதில் பணிப் பாகுபாட்டுச் சட்டங்கள் நுழைய முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கும்படி கத்தோலிக்கத் திருச்சபையைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது என்பதை அவ்வழக்கில் அரசுத் தரப்பே ஏற்றிருந்தது. அரசுத் திருச்சபை இல்லாத இந்தியாவிலும், தென்னிந்தியத் திருச்சபை தன் சொந்த முடிவால் 2013இல் எக்கோனி புஷ்பலலிதாவை நந்தியால் பேராயராக அருள்பொழிவு செய்தது. அது இங்கிலாந்தின் முதல் பெண் பேராயருக்கு ஓராண்டுக்கும் மேல் முந்தியது.

லாட்வியா இன்னொரு பாடத்தைத் தருகிறது. நாத்திக சோவியத் ஆட்சியின்கீழ் இருந்த 1975இல் அங்கே லூத்தரன் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. நாடு விடுதலை பெற்ற பின், 1993 முதல் புதிய தலைமைப் பேராயர் அதை நிறுத்திவிட்டார். 2016இல் அந்தத் தடை திருச்சபைச் சட்டமாகவே எழுதப்பட்டது. பட்டம் பெற்றுப் பணியாற்றிக்கொண்டிருந்த பெண்கள் இருக்கும்போதே கதவு மூடப்பட்டது. இந்த மாற்றம் ஒரே திசையில்தான் நகரும் என்ற நம்பிக்கை ஆதரவாளர்களிடமும் அச்சம் எதிர்ப்பாளர்களிடமும் உண்டு. இரண்டுக்கும் வரலாறு உத்தரவாதம் தரவில்லை.

இங்கிலாந்தில் இதன் பின்விளைவுகள்

2014 ஜூலை 14 அன்று புதிய சட்டம் மூன்று அவைகளிலும் நிறைவேறியது. பொதுநிலையினர் அவையில் 152 பேர் ஆதரவு, 45 பேர் எதிர்ப்பு. அதன் விளைவுகளை மூன்று தளங்களில் காணலாம்.

1. சட்டத் தளம். பேராயர் பதவி, சமத்துவச் சட்டத்தின் நோக்கத்துக்குப் பொதுப்பதவி ஆகாது என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு எழுதப்பட்டது. பொதுப்பதவி என்றானால், பெண் பேராயரை ஏற்காத சபைகளுக்கென ஆண் பேராயரை மட்டும் தேர்வது பாகுபாட்டு வழக்காகிவிடும். நாடாளுமன்றத்தில் அமரும் ஒருவர் பொதுப்பதவியில் இல்லை என்ற இந்த ஏற்பாடு நெருடலானது. ஆனால் அந்த நெருடல் இறையியலில் பிறக்கவில்லை, அரசோடுள்ள பிணைப்பில் பிறந்தது.

2. அரசியல் தளம். பிரபுக்கள் அவையில் காலியாகும் பேராயர் இருக்கைகளுக்குத் தகுதியுள்ள பெண் பேராயர்களுக்கு முன்னுரிமை தரும் சட்டம் 2015இல் வந்தது. பத்தாண்டுகளுக்கு என்று இயற்றப்பட்ட அது, பின்னர் 2030 வரை நீட்டிக்கப்பட்டது.

3. திருச்சபைத் தளம். இதுவே மிகக் கடினமானது. ஒரு சபையின் மன்றம் இறையியல் காரணத்தால் தீர்மானம் நிறைவேற்றினால், அதற்கு ஆண் பேராயர் ஒருவரின் பணி ஏற்பாடு செய்யப்பட வேண்டும். பெண் ஒருவரால் பேராயராக முடியாது என்று நம்புபவருக்குச் சிக்கல் அந்தப் பெண்ணோடு முடிவதில்லை. அவர் கைவைத்துப் பட்டம் கொடுத்த ஆண் குருக்களும் அந்நம்பிக்கையின்படி குருக்கள் அல்லர். அவர்கள் நடத்தும் நற்கருணையும் கேள்விக்குள்ளாகிறது.

இது 2015இலேயே கண்முன் நிகழ்ந்தது. ஜனவரி 26 அன்று யார்க் மின்ஸ்டர் பேராலயத்தில் லிபி லேன் இங்கிலாந்துத் திருச்சபையின் முதல் பெண் பேராயராக அருள்பொழிவு பெற்றார். ஒரு வாரம் கழித்து, அதே பேராலயத்தில், பெண்களின் குருத்துவத்தை ஏற்காத பிலிப் நார்த் பேராயரானார். யார்க்கின் தலைமைப் பேராயர் ஜான் சென்டாமு இரண்டாவது ஆராதனைக்கும் தலைமை தாங்கினார். ஆனால் நார்த்தின் தலையில் அவர் கைவைக்கவில்லை. பெண்களுக்குப் பட்டம் கொடுத்திராத மூன்று பேராயர்கள் மட்டுமே கைவைத்தனர். அதைப் பெண்களுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பு என்று பலர் கண்டித்தனர். மனச்சாட்சிக்குத் தந்த இடம் என்று சிலர் ஆதரித்தனர். நார்த் 2023இல் பிளாக்பர்ன் மறைமாவட்டத்தின் பேராயரானார். அங்கே அவர் பொறுப்பின்கீழ் பெண் குருக்களும் பணியாற்றுகிறார்கள். அவர்களுக்குப் பட்டம் கொடுக்கும் ஆராதனையை வேறு பேராயரே நடத்த வேண்டியிருக்கிறது.